அந்த மரங்களுக்கு யார் தண்ணீர் ஊற்றியது

மகன், இந்தக் கடிதத்தை வேலைத்தளத்தில் வைத்துப் பிரித்துவிடாதே. அறைக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டுவிட்டு வாசி. சாப்பிடாமல் வாசித்தால் பிறகு சாப்பிட மாட்டாய், உன் குணம் எனக்குத் தெரியும். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். கொமியூனிகேசன் கடையின் போன் பெட்டிக்குள் நின்று நான் பேசுவதை வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். போன மாதம் உனக்கு வயிற்றோட்டம் என்று நீ சொன்னதற்கு, மறுநாள் சந்தையில் மூன்று பேர் என்னிடம் சுகம் விசாரித்தார்கள். இது அப்படிக் கத்திச் சொல்கிற விசயமில்லை.

தை பிறந்ததும் உனக்கும் வதனிக்கும் கல்யாணம் என்று பேசி வைத்திருக்கிறோம். நீ அந்தப் பிள்ளைக்கு மூன்று வருடமாகக் கடிதம் போடுவதை நான் அறியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாய். தபால்காரர் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே மாதிரி வெளிநாட்டு உறையைக் கொண்டுவந்து நீட்டினால் யாருக்குத்தான் விளங்காது. எனக்கு அதில் சந்தோசம்தான். ஆனால் இந்தக் கல்யாணம் நடக்குமோ நடக்காதோ என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. வதனியின் தகப்பன் சாமித்தம்பியை, உனக்கு மாமா முறையான மனிசனை, அரசாங்கத்தின் ஆமி கொண்டுபோய் அவர் திரும்பி வரவில்லை என்பது ஊருக்கெல்லாம் தெரியும். ஏன் கொண்டுபோனார்கள் என்பது அவர் பெண்சாதி பூமணிக்கும் தெரிந்திருக்கவில்லை, வதனிக்கும் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாகத் தெரியும். அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நம் ஊர் வழக்கப்படி நீதான் அவர்கள் வீட்டுக்குப் போய் வாழப் போகிறாய். அந்த மனிசன் கட்டிய வீட்டில், அவர் தோண்டிய கிணற்றில் குளித்து, அவர் மகளோடு இருக்கப் போகிற நீ இதை அறியாமல் போகக்கூடாது.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா திரும்பவும் கஜுக் கதையைத் தொடங்கிவிட்டாள் என்று பக்கத்தைப் புரட்டாதே, எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. வயல்வட்டை முடிந்து மேடு தொடங்குகிற அந்த மணல் துண்டு எனக்குச் சீதனமாக வந்தது. கல்யாணம் கட்டிய புதிதில் பையில் முளைத்த கஜு முந்திரிக் கன்றுகளை வாங்கி வந்து நட்டேன். நீ வயிற்றில் இருந்தாய். வேலிக்கு அந்தப் பக்கம் சாமித்தம்பி அண்ணனின் கிணறு. தினமும் காலையிலும் பின்னேரமும் அங்கிருந்து குடத்தில் சுமந்து ஒவ்வொரு கன்றுக்கும் ஊற்றினேன். பிள்ளைத்தாய்ச்சி இப்படிக் குடம் தூக்கலாமா என்று ஏசாத ஆள் இல்லை. கன்றுகள் அவ்வளவு செழிப்பாக நின்றன. பிறகு நீ பிறந்தாய். முப்பத்தொரு நாள் துடக்கு, வாசல் தாண்ட விடவில்லை. உன் அப்பா வயலிலேயே கிடந்தார். துடக்குக் கழித்து உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், ஒரு கன்று மிச்சமில்லை, எல்லாம் ஈர்க்கு ஈர்க்காகக் காய்ந்து நின்றன. ஒன்றைப் பிடுங்கினேன். அது இழுத்தவுடன் வந்துவிட்டது. வேர் முழுவதும் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. நான் நேரம் தவறாமல் மேலே ஊற்றிக்கொண்டிருந்தேன், அதற்குக் கீழே போகவேண்டிய தேவையே வரவில்லை. அன்றைக்கு அந்த மணலில் இருந்து நான் அழுதேன். நீயும் சேர்ந்து அழுதாய், உனக்குப் பசி.

பிறகு எட்டு ஒன்பது வருடம் அந்த மேட்டில் எள்ளும் சோளனும்தான் போட்டோம். நீ நாலாம் வகுப்புப் படித்த வருடம்தான் எனக்குத் திரும்பவும் துணிவு வந்தது. இந்த முறை கன்று வாங்கவில்லை. கன்றைப் பையிலிருந்து எடுக்கும்போது நடுவேர் முறிந்துவிடுகிறது என்று நான் அதற்குள் படித்திருந்தேன். மாரி தொடங்க, குழி வெட்டி, கொட்டையையே நேராகப் போட்டேன். நாற்பது குழி. மழை விட்ட பிறகு ஒரு மாதம் ஊற்றினேன். அடுத்து மூன்று நாளைக்கு ஒரு தரம், அடுத்து கிழமைக்கு ஒரு தரம், அடுத்து அதுவும் இல்லை. இலை வாடித் தொங்கும். பார்க்க வயிறு எரியும். ஆனாலும் ஊற்ற மாட்டேன். மழைத்தண்ணீர் மணலுக்குள் மெல்ல மெல்ல இறங்கிப்போகும், அது இறங்குகிற வேகத்துக்கு வேரும் பின்னால் இறங்க வேண்டும், நாம் மேலே ஊற்றினால் அது கீழே உள்ளதை மறந்துவிடும். மாரியில் பெய்கிறது வழிந்து ஓடாமல் நிற்க ஒவ்வொன்றைச் சுற்றியும் வட்டமாகப் பாத்தி மட்டும் கட்டிவிட்டேன். இரண்டாம் வருடம் ஆடி மாதம், வறண்ட கச்சான் காற்று மணலை அள்ளிக் கொட்டுகிற நேரம், ஒரு கன்றுக்குப் பக்கத்தில் என் இடுப்பளவுக்குக் கிண்டிப் பார்த்தேன். மேலே மணல் சுட்டது. கீழே கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கிற ஈரம். விரல் தடிப்பில் நடுவேர் நேராக அதற்குள் இறங்கி, நான் கிண்டியதற்கும் கீழே போய்க்கொண்டிருந்தது. உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா கூப்பிட்ட?" என்று கேட்டுவிட்டு நீ ஓடிப்போனாய்.

சாமித்தம்பி அண்ணனுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. அவர் கத்தரியும் மிளகாயும் போடுகிறவர். விடிந்தால் வாளியும் கையுமாகத்தான் நிற்பார். ஒரு செடி வாடினால் அவருக்குச் சோறு இறங்காது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னகா தங்கச்சி, புள்ளையளப் பட்டினி போட்டுக் கொல்லப் போறியா? தண்ணிக்கும் கஞ்சத்தனமா?" என்பார். "உங்கட கத்தரிக்கு ஊத்துங்க அண்ணன். வாளியோட என்ட மரத்துப் பக்கம் வந்தீங்கெண்டாத் தெரியும். ஊத்தினாத்தான் அது கெட்டுப்போகும்" என்பேன் நான். ஒரு நாள் நான் இல்லாத நேரம் வேலியோரக் கன்று ஒன்றுக்கு இரகசியமாக ஒரு வாளி ஊற்றிவிட்டார். பாத்தியில் ஈரத்தைக் கண்டு நான் ஏசிய ஏச்சு தோணித் துறையடி வரைக்கும் கேட்டிருக்கும். பூமணி வந்து விலக்குப் பிடித்தாள். அவர் சிரித்துக்கொண்டு நின்றார். கூடப் பிறக்காவிட்டாலும் அண்ணன் என்றுதான் நான் கூப்பிட்டேன், பூமணி என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுகிறாள். அதை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி.

மூன்றாம் வருடம் ஆடியில் அவருடைய கிணறு அடி தட்டியது. இறங்கிச் சேறு அள்ளினவர், கட்டு இல்லாத கீழ்ப் பக்கத்தில் நூல் நூலாக வேர் நீட்டிக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. "உன்ட மரம் கள்ள மரம்கா. மேல வாடினமாதிரி நடிச்சிற்றுக் கீழால வந்து என்ட கிணத்துல வாய வச்சிக் குடிக்குது" என்றார். உண்மையாகவும் இருக்கலாம். பக்கத்துக் கிணற்றை மரம் இழுக்காது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அன்றைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. மழை இல்லாததுக்கு என் மரத்தில் பழி போடுகிறீர்களா என்று கத்தினேன். அவர் கத்தியோடு கிணற்றுக்குள் இறங்கி வேரையெல்லாம் அறுத்து, ஒரு பிடி வேரைக் கொண்டுவந்து வேலிக்கு மேலால் என் முன்னால் போட்டார். அதோடு கதை பேச்சு நின்றது. பூமணியும் நானும் வேலி மூலையில் நின்று மெதுவாகப் பேசிக்கொள்வோம். அவரும் நானும் ஒருவரை ஒருவர் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவோம். அப்படியே இருக்க, சண்டை வந்து ஊர் குழம்பியது. உடுத்த உடுப்போடு தோணி ஏறி வாவியைக் கடந்து கிழக்குப் பக்கத்து எழுவான்கரைக்கு ஓடி வந்தோம். அங்கே பள்ளிக்கூடத்தில் அகதிகளாக ஒரே வகுப்பறையில் இரண்டு குடும்பமும் சேலை கட்டி மறைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் இருந்தோம். உனக்கு அது நினைவிருக்கும். அந்தச் சேலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்துகொண்டு நானும் அவரும் அப்போதும் பேசவில்லை. அவ்வளவு கொழுப்பு எங்களுக்கு.

அந்த ஒன்றரை வருடத்துக்குள் வந்த மாரியும் சரியாகப் பெய்யவில்லை. பிறகு ஒரு நாள், பகலில் போய் நிலத்தைப் பார்த்துவிட்டுப் பொழுது சாயமுன் திரும்பலாம் என்று ஆமி முகாமில் பாஸ் கொடுத்தார்கள். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு தோணியில் போனோம். உன்னை நான் கூட்டிப் போகவில்லை, நீ கோபித்துக்கொண்டு மதில் மேல் ஏறி இருந்தாய். தோணியில் சாமித்தம்பி அண்ணன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். ஊர் முழுக்கக் கருகிக் கிடந்தது. அவருடைய தோட்டத்தில் ஒரு செடி இல்லை, வாழை அடியோடு சாய்ந்து கிடந்தது, வேலியில் கிளுவைகூட இலையில்லாமல் நின்றது. என் துண்டில் நாற்பது கஜு மரமும் என் தலை உயரத்துக்கு வளர்ந்து, கரும்பச்சையாக, நுனியில் சிவந்த தளிரோடு நின்றன. மகன், நான் அந்த இடத்தில் நின்று சிரித்தேன். எனக்கு எவ்வளவு பெருமை. அண்ணன் வேலிக்கு அங்கால் கிணற்றடியில் நிற்கிறார் என்று தெரிந்தே, கேட்கட்டும் என்று, "தண்ணி ஊத்தினதுகளெல்லாம் எங்க? ஊத்தாதது நிக்குது பாருங்க" என்று உன் அப்பாவிடம் பலத்துச் சொன்னேன். அண்ணன் வாளியால் தண்ணீர் அள்ளிக் குடித்துக்கொண்டு நின்றார். நான் மண்வெட்டியை எடுத்துப் பாத்திகளைச் சரிசெய்யத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் ஆமி வந்தது. எல்லாரையும் வரச்சொல்லி அந்த மேட்டிலேயே வரிசையாக நிற்க வைத்தார்கள். அதற்கு முந்திய நாட்களில் அந்தப் பக்கம் ஏதோ வெடித்திருக்க வேண்டும், அவர்கள் முகம் அப்படி இருந்தது. அவர்களில் பெரியவன் ஒருவன் என் மரங்களுக்கு நடுவில் நடந்தான். ஒரு இலையைப் பிய்த்துக் கசக்கி மணந்து பார்த்தான். காலால் ஒரு பாத்தியின் வரம்பைத் தட்டிப் பார்த்தான். பிறகு எங்களிடம் வந்து, அரைகுறைத் தமிழில், "மனுசன் இல்ல. மழ இல்ல. எல்லாம் செத்தது. இது மட்டும் பச்ச. யார் தண்ணி போட்டது?" என்று கேட்டான். அவன் கேட்டது மரத்தைப் பற்றி இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் விளங்கியது. ஆளில்லாத ஊரில் யாரோ தங்கியிருக்கிறார்கள், இந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஆமியோடு சண்டை பிடிக்கிற இயக்கப் பொடியன்மாருக்குச் சமைத்துப் போடுகிறார்கள் என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான். மரம் யாருடையதோ ஆள் அவன்தான். நிலம் என் பெயரில் இருந்தது. ஆனால் கேட்டால் என்னையா கொண்டுபோவார்கள். உன் அப்பா எனக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய கை என் கையில் முட்டிக்கொண்டிருந்தது.

"கிணறு யாருடையது?" என்று கேட்டான். "என்ட கிணறு சேர்" என்று அண்ணன் முன்னுக்கு வந்தார். "மரம்?" என்றான். அண்ணன் எங்கள் பக்கம் கையைக் காட்டியிருக்கலாம். ஒரு விரல் போதும். பேச்சு வார்த்தை இல்லாத பகை, கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் நான் அவரைக் குத்திக் கதைத்தேன். அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "மரத்துக்கு ஆரும் தண்ணி ஊத்திறல்ல சேர். அது தானா வளருது. வேர் கீழ போகும் சேர், கீழ ஈரம் இருக்கு. ஊத்தினாத்தான் கெட்டுப்போகும்" என்றார். என் வாயால் அவர் ஆயிரம் தரம் கேட்டுச் சிரித்த கதை, சொல்லுக்குச் சொல் அப்படியே. அந்த ஆள் போய் ஈரமான வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இது?" என்றான். "குடிக்க அள்ளினன் சேர்" என்றார் அண்ணன். அவன் சிரித்தான். வரிசையைப் பார்த்தான். மண்வெட்டி என் கையில் இருந்ததால் என்னிடம் வந்தான். "அம்மா தோட்டக்காரி. நீ சொல்லு. தண்ணி இல்லாம மரம் வளருமா? இவன் சொல்றது உண்மையா?"

"தெரியாது சேர்" என்றேன் நான்.

மகன், அந்த ஊரில் அதைத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். மண்வெட்டி கையில் இருந்தது. இடுப்பளவுக்கு ஒரு குழி வெட்டியிருந்தால் ஈரமண்ணை அள்ளி அவன் கையில் வைத்திருக்கலாம், வேரைக் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் அண்ணனை விட்டிருப்பானோ, அல்லது அண்ணனையும் உன் அப்பாவையும் சேர்த்துக் கொண்டுபோயிருப்பானோ, அதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. உன் அப்பாவைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். முக்கால்வாசி அது உண்மை. மிச்சக் கால்வாசியில் அந்த ஒரு பிடி வேர் கிடக்கிறது. வேலிக்கு மேலால் அவர் எறிந்தபோது வந்த கோபம் அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு மூலையில் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இல்லை என்று உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. கிணற்றுக் கயிற்றை வெட்டி அதாலேயே அவர் கையைக் கட்டிக் கொண்டுபோனார்கள். என்னைத் தாண்டித்தான் போனார். அப்போதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்து ஒரு சொல் ஏசிவிட்டுப் போயிருந்தால் இந்தப் பன்னிரண்டு வருடமும் எனக்கு வேறு மாதிரிப் போயிருக்கும்.

கரைக்குத் திரும்பி வந்தபோது பூமணி துறையடியில் நின்றாள். வதனி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. "என்னத்தக் கேட்டாங்க மச்சாள்? அவர் என்ன சொன்னவர்?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒண்டும் கேக்கல்லகா. சும்மாதான் பிடிச்சிக்கொண்டு போயிருக்காங்க. விட்டிருவாங்க" என்றேன். தோணியில் வந்த மற்றவர்களும் வாய் திறக்கவில்லை. ஆமி கேட்டதை ஊரில் யாரும் திருப்பிச் சொல்லாத காலம் அது. அடுத்த நாளிலிருந்து நான்தான் பூமணியோடு முகாம் முகாமாக ஏறி இறங்கினேன். உனக்குத் தெரியும், உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பஸ் ஏறுவோம். அவள் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நான் மனுவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒவ்வொரு வாசலிலும் காவலுக்கு நிற்கிறவன் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே பதிலைத்தான் சொல்லுவான். "தெரியாது." நான் கொடுத்த சொல்லை அவர்கள் எனக்கே திருப்பித் தந்துகொண்டிருந்தார்கள். என்னைப் போல ஒரு சினேகிதி உலகத்தில் இல்லை என்று பூமணி எல்லாரிடமும் சொல்லுவாள். அதைக் கேட்கிற நேரம் எனக்கு உள்ளங்கால் கூசும்.

அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் பாவிப்பதில்லை. நீ இளந்தாரியாக இருந்தபோது பகிடி பண்ணுவாய், அம்மாவிடம் எதைக் கேட்டாலும் "பார்ப்பம்" என்பாள், "கேட்டுச் சொல்றன்" என்பாள், அது மட்டும் அவள் வாயில் வராது, எல்லாம் தெரிந்த பண்டிதர் என்று. நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். கடையில் யாராவது யாரிடமாவது அதைச் சொன்னாலும் எனக்குத் திடுக்கிடும். ஊருக்குத் திரும்பி வந்து குடியேறிய பிறகு மரங்கள் காய்த்தன. பழத்தின் வாசம் வீடு முழுக்க நிற்கும். ஒன்றையும் நான் வாயில் வைத்ததில்லை. மழைக்காலத்தில் எனக்குக் கரைச்சல் இல்லை, எல்லாமே பச்சையாக இருக்கும். ஆடி வந்து மற்றதெல்லாம் காயக் காய, அந்த நாற்பதும் பச்சையாகவே நிற்கும். அந்த மாதங்களில் நான் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை. ஒருமுறை உன் அப்பாவிடம், இதுகளை வெட்டிப் போடுங்கள், கேணியோ கொட்டிலோ என்னவாவது கட்டலாம் என்றேன். அன்றைய நாளைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்காத மனிசன், கோடரியைக் கையில் எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று, திரும்ப வைத்தார். "நிக்கட்டும். அவன் சொன்னது பொய்யில்ல எண்டு காட்ட இது மட்டும்தான் மிச்சம்" என்றார். அதற்குப் பிறகு அவரும் அதைப் பேசவில்லை. நெஞ்சுவலி வந்து கண்ணை மூடும் வரைக்கும் பேசவில்லை.

இந்த ஆடி அமாவாசைக்குப் பூமணியும் நானும் அமிர்தகழிக்குப் போனோம், மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு. நான் உன் அப்பாவை நினைத்து முழுகி எழும்பி வந்தேன். பூமணி படியிலேயே இருந்தாள், நெற்றியில் பொட்டோடு. அவள் யாருக்கென்று முழுகுவது. செத்தார் என்று ஒருத்தரும் அவளுக்குச் சொல்லவில்லையே. ஈரச்சேலையோடு பக்கத்தில் இருந்த என் கையைப் பிடித்து, "வதனிக்கு உங்கட மகனக் கேக்கிறன் மச்சாள். எனக்கு உங்கள விட ஆரு இருக்கா? அவர் வந்தாலும் சந்தோசப்படுவார்" என்றாள். நான் ஓம் என்றேன். நீ மூன்று வருடமாகக் காத்திருந்த சொல் அது, எப்படி இல்லை என்பது. ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் ஒவ்வொரு நாளும் ஒரு யோசனையோடு வருவாள். இடையில் உள்ள வேலியைப் பிடுங்கி இரண்டு துண்டையும் ஒன்றாக்கலாம் என்பாள். கல்யாணத்துக்குக் கிணறு இறைக்க வேண்டும், முதல் வாளியை நீங்கள்தான் அள்ள வேண்டும் மச்சாள் என்பாள். போன திங்கட்கிழமை புதுக் கயிறு வாங்கிக்கொண்டு வந்து என் கையில் தந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

மறுநாள் காலையில் அவள் குசினிக்குப் போனேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், உனக்கு எழுதியது போலவே, ஒன்றையும் ஒளிக்காமல். அவன் கேட்டது, அண்ணன் சொன்னது, நான் சொன்னது. அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் போனேன். அவள் கை துருவலையில் அப்படியே நின்றது.

"அவர் அப்பிடியா சொன்னவர்?" என்று கேட்டாள்.

"ஓம்."

"ஊத்தினாத்தான் கெட்டுப்போகும் எண்டா?"

"ஓம் பூமணி."

அவள் துருவிய தேங்காயை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு, "பன்னெண்டு வருசமா அவர்ட கடைசிக் கதைய நீங்க வச்சிருந்திருக்கிறீங்க மச்சாள். நான் அதத்தானே ஒவ்வொரு காம்பிலயும் போய்க் கேட்டன். நீங்களும் பக்கத்தில நிண்டீங்க" என்றாள். நான் அவளுடைய மனிசனைத்தான் பறிகொடுக்க வைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இது எனக்கு ஒரு நாளும் நினைவில் வந்ததில்லை. நான் நின்றபடி அழுதேன். அவள் அழவில்லை. "போங்க. நாளைக்கு வந்து திரும்பச் சொல்லுங்க" என்றாள்.

நான் போகிறேன். இன்றைக்கு ஐந்தாவது நாள். இருக்கச் சொல்லுவாள், தேத்தண்ணீர் தர மாட்டாள். முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவர் எந்தப் பக்கம் நின்றார், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தாரா, குரல் நடுங்கியதா என்று இடையில் கேட்பாள். என் பங்கு வருகிற இடத்தில் ஒன்றும் கேட்க மாட்டாள், தலையும் நிமிர்த்த மாட்டாள். கல்யாணத்தைப் பற்றி அவள் ஒரு சொல்லும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது. ஆனாலும் பெற்றவள், ஒன்றைச் சொல்லுகிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் சண்டை பிடிக்காதே. அவர்கள் ஓம் என்று சொல்லி நீ அந்த வீட்டுக்குப் போனாயானால், பூமணி என்னைப் பற்றி எது சொன்னாலும் மறுத்துப் பேசாதே. அவளுக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று தினமும் ஓடி ஓடிப் போய் வார்த்தையைக் கொட்டாதே, அவளுக்குத் தேவையானதை அவளே கேட்பாள்.

வதனி ஐந்து நாளும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். இன்று காலை நான் எழும்பி வெளியே வரும்போது பின்னால் வந்து, "அவருக்குத் தெரியுமா மாமி?" என்று உன்னைப் பற்றிக் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். சொல்ல வேண்டிய பதில் அந்த ஒரே சொல்தான், அது வரவில்லை. அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்து நின்றது. "எழுதிப் போட்டிற்று வந்து சொல்றன் புள்ள" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, அடுப்பும் மூட்டாமல் இருந்து இதை எழுதி முடித்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு கிழமையாவது செல்லும். உனக்கு இப்போது தெரியும். வதனிக்கு எழுது, உடனே எழுது. எனக்காக அதில் ஒரு வரியும் எழுதாதே.

அம்மா